பிக்கோ தீவின் வெள்ளை ஒயின்: இந்தப் புளிப்புக்கு என்ன சமைக்கலாம்?

கேள்வி: லிஸ்பனில் வேலை பார்க்கிறேன். அசோர்ஸ் தீவுகளுக்குப் போய்வந்த நண்பர் 'அரிந்தோ தோஸ் அசோரேஸ்' என்ற வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்றை மாலையில் சும்மா திறந்து குடித்தேன். பல் கூசும் புளிப்பு, லேசாக உப்பும் கரித்தது. கெட்டுப்போயிருக்குமா? அடுத்ததை விருந்தினர் வரும்போது திறக்கலாமா, எதோடு பரிமாறுவது?

பதில்: கெட்டுப்போகவில்லை. கெட்ட ஒயினில் வினிகர் நெடி வரும், அல்லது நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். நீங்கள் சொல்லும் புளிப்பும் உப்பும் அரிந்தோ தோஸ் அசோரேஸ் என்ற திராட்சையின் இயல்பு.

அசோர்ஸில் ஒயினுக்குப் பேர்போன தீவு பிக்கோ. லிஸ்பனிலிருந்து 1,600 கி.மீ.க்கும் மேல், அட்லாண்டிக் நடுவே இருக்கும் எரிமலைத் தீவு. அங்கே திராட்சைத் தோட்டம் என்றால் பச்சை வரிசைகள் கிடையாது. கரும்பாறைக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய சிறுசிறு அடைப்புகள். அவற்றை 'குராய்ஷ்' என்கிறார்கள். ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் சில கொடிகள், பாறை வெடிப்பில் வேர்விட்டுத் தரையோடு படர்ந்து கிடக்கும். சுவர் கடல் காற்றையும் உப்புத் தூவலையும் தடுக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கொடிக்குச் சூடு கொடுக்கும். இந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விளைச்சல் குறைவு, எல்லாம் கைவேலை. விலை கூடுதலாக இருப்பது அதனால்தான். போர்ச்சுகல் பெருநிலத்தில் 'அரிந்தோ' என்றே ஒரு திராட்சை உண்டு. அது வேறு ரகம், கடையில் குழம்பிவிடாதீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்த ஒயினைத் தனியாகக் குடிப்பது வீண். வறுத்த மீனுக்கு எலுமிச்சை என்ன செய்கிறதோ, அதைத்தான் இது செய்யும். ஆகவே கொழுப்பும் உப்பும் உள்ள பண்டமாகப் பாருங்கள்.

தீவுக்காரர்கள் இதோடு விரும்பிச் சாப்பிடுவது 'லாபஷ்'. பாறையில் ஒட்டி வாழும் ஒற்றை ஓட்டுச் சிப்பி. ஓட்டோடு இரும்புச் சட்டியில் வைத்து, பூண்டும் வெண்ணெயும் போட்டுச் சுடுவார்கள். வெண்ணெய் பொங்கும்போதே சுடச்சுட ஒரு வாய், பிறகு ஒரு மிடறு ஒயின். புளிப்பு வெண்ணெயை அறுத்துக்கொண்டு போகும், ஒயினின் உப்பும் சிப்பியின் உப்பும் சேர்ந்துவிடும். லிஸ்பனில் லாபஷ் கிடைக்காவிட்டால் மட்டியை அதே பூண்டு வெண்ணெயில் செய்யுங்கள். கரியடுப்பில் சுட்ட மத்தி, மாவில் புரட்டிப் பொரித்த சின்ன மீன், உப்பிட்டு உலர்த்திய காட் மீனோடு முட்டையும் உருளைக்கிழங்குச் சீவலும் சேர்த்த பக்கல்யாவ் ஆ பிராஸ், எல்லாமே பொருந்தும்.

மீன் வேண்டாதவர்களுக்குப் பக்கத்துத் தீவான சாவ் ஜோர்ஜின் பாலாடைக்கட்டி வாங்குங்கள். பசும்பாலில் செய்து மாதக்கணக்கில் பதப்படுத்திய, நாக்கில் சுருக்கென்று காரம் ஏறும் கட்டி. என்னைக் கேட்டால், ஒரே ஒரு பண்டம்தான் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைப்பேன்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிரி பிரி கோழி மாதிரி மிளகாய்க் காரம். புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டிவிடும். இன்னொன்று இனிப்பு. பஷ்டெல் தெ நாட்டா என்ற முட்டைக் கஸ்டர்ட் பண்டத்துக்கு அப்புறம் குடித்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். சிவப்பு ஒயினில் வேகவைத்த ஆக்டோபஸ் இருந்தால், அதற்குச் சிவப்பு ஒயினே சரி.

குளிர்ச்சி 10–12 டிகிரி போதும். ஐஸ் மாதிரி குளிரவைத்தால் வாசம் அடங்கி, புளிப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். விருந்துக்கு இருபது நிமிடம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், மூன்று நாள் தாங்கும். மறுநாள் மத்தி சுடும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.