பின்சக்கரத்தில் நிற்பதற்கு முன்: டிரையல்ஸ் சைக்கிள் கேள்வி-பதில்

(டிரையல்ஸ்: காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மேடை போன்ற தடைகளைச் சைக்கிளில் தாண்டும் விளையாட்டு.)

பின்சக்கரத்தில் நான்கு துள்ளலுக்கு மேல் நிற்க முடியவில்லை. ஆறு மாதமாக இதே கதை. எங்கே தவறு?

பெரும்பாலும் கையில். ஹேண்டிலை மார்பை நோக்கி இழுத்துத் துள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கைகள் ஏறக்குறைய நீண்டே இருக்கட்டும். துள்ளல் முழங்காலிலிருந்து வரவேண்டும். இடுப்பு பின் அச்சுக்கு நேர் மேலே, பெடல்கள் தரைக்குக் கிடைமட்டமாக, பின் பிரேக் முழுப் பிடியில்.

உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி சாயும் பக்கம் கை ஓடுமல்லவா? இங்கே ஓட வேண்டியது சக்கரம். உடல் பின்னால் சாய்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்குத் துள்ளி வையுங்கள். முன்னால் சாய்ந்தால் பிரேக்கை ஒரு கணம் விட்டு, பெடலைச் சற்றே மிதித்து, சக்கரத்தை உடலுக்கு அடியில் கொண்டுவந்து உடனே பூட்டுங்கள். நான்காவது துள்ளலில் விழுபவர்களுக்கு அநேகமாக இந்த இரண்டாவது திருத்தம் தெரிந்திருக்காது. முன்சக்கரம் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். துள்ளலை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி ஒரே ஒரு மிதி, ஒரே ஒரு பூட்டு என்று மட்டும் பழகுங்கள்.

தரையில் சாக்பீஸ் கோடு போட்டால் ஒரு மீட்டர் தாவுகிறேன். அதே தூரத்தில் இரண்டு மரப்பலகை மேடைகள் வைத்தால் கால் எழவே மாட்டேன் என்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. தூரம் ஒன்றுதான் என்று மூளைக்குச் சொல்லிப் பயனில்லை, அது நம்பாது. உயரத்தைக் கூட்டும் நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள். முதலில் இரண்டு விரற்கடை தடிமனுள்ள பலகைகளுக்கு இடையே அரை மீட்டர். அது சலித்துப்போன பிறகு தூரம். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

இன்னொன்று: விழப் பழகியிருக்கிறீர்களா? பின்னால் கவிழும்போது சைக்கிளை முன்னால் விட்டுவிட்டு இரண்டு காலில் இறங்குவதை வேண்டுமென்றே இருபது முறை செய்து பாருங்கள். தப்பிக்கும் வழி உடம்புக்குத் தெரிந்தால் பயம் பாதி இறங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் காப்பு கட்டாமல் இதைச் செய்ய வேண்டாம். தாவுவதற்கு முன் செயினையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். மிதிக்கும் கணத்தில் என் செயின் அறுந்து, முழங்கால் ஹேண்டில் தண்டில் மோதிய தழும்பு இன்னும் இருக்கிறது. முந்தைய நாளே ஒரு கண்ணி வளைந்திருந்ததைப் பார்த்தும் விட்டது என் சோம்பேறித்தனம்தான்.

சாதாரண மலை சைக்கிளில் கற்கலாமா?

தொடக்கத்துக்குப் போதும். சீட்டை அடிவரை இறக்குங்கள், எளிதாக மிதிபடும் கியரில் வையுங்கள். அசையாமல் நிற்பது, முன்சக்கரம் தூக்குவது, சிறு துள்ளல் எல்லாம் வரும். பெடல் உதைத்துத் தாவத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியும். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஒரு சுற்றில் மிதி சக்கரத்தைப் பிடிக்கும் இடங்கள், அதாவது பிடிப்புப் புள்ளிகள், 24 இருந்தால், சக்கரம் பிடிப்பதற்குள் பின் பற்சக்கரம் 15 பாகை வரை வெறுமனே சுழலக்கூடும்; பெடலும் கியருக்கேற்ப அதோடு சுழலும். 72 புள்ளிகள் என்றால் 5 பாகைதான். உதைக்கும் காலுக்கு அந்த வெற்றிடம் படியில்லாத இடத்தில் கால் வைத்தது போல இருக்கும்.

ரிம் பிரேக் வழுக்குகிறது. ரிம்மைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், டிரையல்ஸில் அது பழைய வழக்கம். அலுமினிய ரிம்மாக இருக்க வேண்டும்; கீறல் மேலோட்டமாக இருக்க வேண்டும்; கண்ணாடி, முகமூடி கட்டாயம். பிரேக் கட்டை விரைவில் தேயும், அலறவும் செய்யும். ஆனால் முதலில் ரிம்மில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தாலே சரியாகிவிடும் வழுக்கலுக்குப் பலர் தேய்ப்பானை எடுத்துவிடுகிறார்கள்.

வயது 43. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் பழகுகிறேன். முன்னேற்றம் இல்லை.

வயதை விடுங்கள். அந்த மூன்று மணியை வாரத்தில் நான்கு நாளுக்குப் பிரித்துவிடுங்கள். களைத்த உடம்பு தவறான துள்ளலைத்தான் மனப்பாடம் செய்யும். மணிக்கட்டு மறுநாளும் வலித்தால் அன்று அசையாமல் நிற்பதை மட்டும் பழகுங்கள். தடைகள் நிறைந்த ஒரு பகுதியை 2 நிமிடத்தில் கடக்க வேண்டிய போட்டியிலும் வீரர்கள் அடுத்த பாறையைப் பார்த்தபடி அப்படி நிற்பதைக் காணலாம்.

டிரையல்ஸ் சைக்கிளுக்கு ஏன் சீட் இல்லை?

குந்தும்போது இடிக்கும்.