ஸ்கோன் உப்பவில்லை என்று தனி மாவு வாங்காதீர்கள்

கேள்வி: வீட்டில் ஸ்கோன் (ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரால் உப்பும் சிறு ரொட்டி) செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டையாக, கல் மாதிரி வருகிறது. 2 கப் மைதா, 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், வெண்ணெய், சர்க்கரை, பால்தான் சேர்க்கிறேன். மாவை 10 நிமிடம் நன்றாகப் பிசைந்து, அரை அங்குலக் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, 180 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். நான் சேர்ந்திருக்கும் ஆன்லைன் பேக்கிங் வகுப்பில் பேக்கிங் பவுடரை இரண்டு மடங்காக்கச் சொன்னார்கள். அப்படியும் உப்பவில்லை, கசந்தது. இப்போது ‘ஸ்கோன் மாவு’, ‘சாஃப்ட்னர்’ பொடி இரண்டையும் அவர்களிடமே வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே காரணங்கள் இருக்கின்றன. 10 நிமிடப் பிசைதல், அரை அங்குலக் கனம், 180 டிகிரி. இந்த மூன்றையும் மாற்றாமல் எந்தப் பொடியைப் போட்டாலும் இதேதான் வரும்.

முதலில் பிசைவது. மைதாவில் உள்ள புரதம் ஈரம் பட்டதும் குளூட்டன் என்கிற வலையாகப் பின்னிக்கொள்ளும். பிசையப் பிசைய அந்த வலை இறுகும். ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கு அது வேண்டும், ஏனென்றால் ஈஸ்ட் மணிக்கணக்காக மெதுவாக வாயுவைத் தரும், அதைப் பிடித்து வைக்க வலுவான வலை தேவை. பேக்கிங் பவுடர் அப்படியில்லை. ஈரம் பட்டதும் கொஞ்சம், அடுப்புச் சூட்டில் மிச்சம் என்று சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இறுகிப்போன மாவைத் தூக்க அதனால் முடியாது. அதனால் ஸ்கோன் மாவைப் பிசையவே கூடாது, சேர்த்தால் போதும்.

250 கிராம் மைதா, தலை தட்டிய 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து சலித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 60 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிருங்கள். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். பயறு அளவில் சில துண்டுகள் அங்கங்கே கிடந்தால் நல்லதுதான். ஓவனில் அவை உருகும்போது வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகி அந்த இடத்தில் அடுக்கு விடும். நடுவில் குழி செய்து 140 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றி, கத்தி முனையால் சுற்றிக் கலக்குங்கள். மாவு உதிரி உதிரியாக, கொஞ்சம் ஒட்டலாக, பார்க்க அசிங்கமாக இருக்கும். ‘இன்னும் நாலு தடவை பிசைந்தால் மழமழவென்று வருமே’ என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். பலகையில் கொட்டி, இரண்டு மூன்று முறை மடித்து லேசாகத் தட்டுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கனம். அரை அங்குலத்தில் வெட்டினால் அது பிஸ்கட்டாகத்தான் வேகும். ஓர் அங்குலம், அதாவது 2.5 செ.மீ. இருக்க வேண்டும். குழவி வேண்டாம், கையாலேயே தட்டிவிடலாம். வெட்டும் வளையத்தை (கட்டர்) உலர்ந்த மைதாவில் தோய்த்து நேராக இறக்கி நேராக எடுங்கள், திருகாதீர்கள். திருகினால் ஓரம் நசுங்கி ஒட்டிக்கொண்டு, ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். மேலே பாலோ முட்டையோ தடவும்போது பக்கவாட்டில் வழியவிடாதீர்கள், அதுவும் ஓரத்தை ஒட்டிவிடும். தட்டில் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கமாக வையுங்கள், பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்பும்.

அப்புறம் சூடு. 180 டிகிரி கேக்குக்குச் சரி, ஸ்கோனுக்குப் போதாது. மாவு வெந்து நிலைப்பதற்குள் வெண்ணெய் உருகி வெளியே வழிந்துவிடும், 25 நிமிடத்தில் உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும். 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் போதும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. உள்ளே வைப்பதற்கு முன்பு குறைந்தது 15 நிமிடமாவது ஓவன் சூடேறியிருக்க வேண்டும். ஓவன் குமிழில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 220 என்று காட்டிக்கொண்டு உள்ளே 195-ல் நிற்கும் ஓவன்கள் உண்டு. ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை வாங்குங்கள், கூடவே ஒரு தராசு.

தராசு ஏன் என்றால், இந்தக் கப் அளவு ஒரு பெரிய தலைவலி. ஒரு நாட்டுக் கப் 240 மில்லி, இன்னொரு நாட்டுக் கப் 250. மேசைக்கரண்டி பல இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அதைவிட மோசம், ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150-ஐத் தாண்டும். இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம்! குறிப்பு எழுதுபவர்கள் கிராமில் எழுத எத்தனை நொடி ஆகும்? வருடக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், இன்னும் ‘2 கப்’தான்.

இனி அந்த ஸ்கோன் மாவு. பெரும்பாலும் அது மைதாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்ததுதான், பெயரும் விலையும்தான் வேறு. அதை வாங்கி, உங்கள் குறிப்பில் உள்ள 3 டீஸ்பூனையும் சேர்த்தால் மறுபடியும் கசப்பு. பவுடர் கூடினால் குமிழ்கள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து, மாவு எழும்பி உடனே அமுங்கிவிடும். சாஃப்ட்னர் என்று விற்கும் பொடிகள் பொதுவாக ஈஸ்ட் ரொட்டி நாலைந்து நாள் காயாமல் இருப்பதற்காகச் செய்தவை. செய்த அன்றே தின்று தீரும் பண்டத்துக்கு அது எதற்கு? பாக்கெட்டில் உட்பொருள் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையில் வாங்கிப் பிரித்துக் கட்டி, தன் பெயரை மட்டும் ஒட்டி விற்பவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். கற்றுக்கொடுப்பவரே பொருளும் விற்றால், உங்கள் ஸ்கோன் சரியாக வராத வரைக்கும் அவருக்கு வியாபாரம்.

உதிரியாகக் கட்டி விற்கும் பேக்கிங் பவுடருக்கும் இதுதான். ஈரக்காற்று பட்டால் அதன் வீரியம் போய்விடும். கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். உடனே புசுபுசுவென்று நுரைத்தால் நல்லது, சோம்பலாக நாலு குமிழி விட்டால் கொட்டிவிடுங்கள். திறந்த டப்பாவை 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பல டப்பாக்களில் காலாவதித் தேதி இருக்கும், திறந்தபின் எவ்வளவு நாள் தாங்கும் என்பது இருக்காது. வாங்குபவருக்குத் தேவையான ஒரே தகவலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அச்சடிக்கிறார்கள்.

சமையல் சோடா சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாலில் செய்தால் கூடவே கூடாது. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது, வெறும் சோடாவில் இல்லை. பாலுக்குப் பதில் புளித்த மோர் ஊற்றினால் மட்டும் கணக்கு மாறும். 120 மில்லி மோருக்குக் கால் டீஸ்பூன் சோடா, அதற்கு ஈடாக ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரைக் குறைத்துவிடுங்கள். பாதி மோர், பாதி பால் என்றால் சோடா அதில் பாதி, குறைக்கும் பவுடரும் பாதி. 240 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து 10 நிமிடம் வைத்தால், அதையும் மோர்க் கணக்கிலேயே சேர்க்கலாம். புளிப்புக்கு மிஞ்சிய சோடா அப்படியே தங்கி, ஸ்கோன் மஞ்சளடித்து, சோப்பு மாதிரி வாடை வரும். சோடா போட்ட மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். திரவம் பட்டதுமே பொங்க ஆரம்பித்துவிடும், வெட்டியவுடன் ஓவனுக்குப் போக வேண்டும்.

வெந்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றி, மேலே மெல்லிய துணி போட்டு மூடினால் மேல்தோல் மெத்தென்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. வெட்டிய பச்சை மாவைத் தட்டோடு ஃபிரீசரில் உறைய வைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் நேராக ஓவனில் வைத்து, மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.