நோயாளி பெயரைக் கவர் பேஜில் போடலாமா?

ஃபேக்ஸ் கவர் பேஜை, அதாவது யாருக்கு, யாரிடமிருந்து என்று சொல்லி ஃபேக்ஸின் முதலில் போகிற தாளை, நாமே வடிவமைப்பது பற்றி ஒரே சமயத்தில் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஃபேக்ஸ் எப்போதோ போய்விட்டது என்று நினைக்கிறவர்கள், அமெரிக்க மருத்துவர்களுக்காக இன்சூரன்ஸ் பில் வேலை பார்க்கிற சென்னை, திருச்சி, கோவை மெடிக்கல் பில்லிங் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

திருச்சியில் மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன் சார். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அப்பீல் (மறுத்த கிளெய்மை மறுபடி பார்க்கச் சொல்வது), ஆத்தரைசேஷன் (சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்பது) எல்லாம் இன்னும் ஃபேக்ஸில்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் பழைய வேர்டு ஃபைலைத் திறந்து பெயரையும் நம்பரையும் மாற்றி அனுப்புகிறோம். போன வாரம் டீமில் ஒருவர் நம்பரை மாற்றிவிட்டுப் பெயரை மாற்ற மறந்துவிட்டார். விண்டோஸிலேயே கவர் பேஜ் எடிட்டர் இருக்கிறதாமே, அதில் எப்படிச் செய்வது? – வாசகி, திருச்சி

மறந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய ஃபைலைத் திறந்து மாற்றுகிற முறை இருக்கும்வரை இது யாருக்கும் நடக்கும். நேற்றைய பெயர் இன்றைய தாளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதை அழிக்கும் பொறுப்பு நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கண் எரிய உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் போகிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்து, அனுப்பும் நேரத்தில் தானாக நிரம்ப வேண்டும். டெம்ப்ளேட் (காலி இடங்களோடு இருக்கிற மாதிரித் தாள்) எடிட்டரின் வேலையே அதுதான், அலங்காரம் எல்லாம் அப்புறம்.

விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் திறந்து, டூல்ஸ் மெனுவில் கவர் பேஜஸ் என்பதற்குப் போய் நியூ கொடுத்தால் எடிட்டர் திறக்கும். வெறும் வெள்ளைத் தாள் வரும். மேலே இன்செர்ட் மெனுவில் மூன்று பிரிவுகள்: ரெசிபியன்ட், சென்டர், மெசேஜ். ரெசிபியன்ட் என்பதில் பெறுபவர் பெயரும் ஃபேக்ஸ் நம்பரும் இருக்கும். சென்டர் என்பதில் உங்கள் பெயர், கம்பெனி, போன் எல்லாம். மெசேஜ் என்பதில் சப்ஜெக்ட், நோட், அனுப்பிய தேதி நேரம், பக்க எண்ணிக்கை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தாளில் இரண்டு துண்டாக வந்து விழும். ஒன்று தலைப்பு, மற்றது வளைந்த அடைப்புக்குள் இருக்கும் காலி இடம். தலைப்பை உங்கள் இஷ்டப்படி மாற்றலாம், நீக்கலாம். அடைப்புக்குள் இருப்பதை மட்டும் கையால் தட்டி மாற்றாதீர்கள், அதுதான் அனுப்பும்போது நிரம்புகிற இடம். பெட்டிகளை அகலமாக இழுத்து விடுங்கள், ஏனென்றால் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிப் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும், அதோடு டிபார்ட்மென்ட் பெயரும் சேர்ந்தால் சின்னப் பெட்டியில் அடங்காது. லேஅவுட் மெனுவில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறது, கண்ணால் பார்த்து நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். சேமித்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஃபேக்ஸ், அதற்குள் பர்சனல் கவர்பேஜஸ் என்ற இடத்தில் உட்காரும்.

இதில் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அனுப்புபவர் விவரம் டூல்ஸ் மெனுவில் சென்டர் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் ஒரு தடவை நிரப்பி வைப்பது. ஒரே லாகினில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தால், முதலில் நிரப்பியவர் பெயரே எல்லாத் தாளிலும் போகும். இன்சூரன்ஸ்காரர்கள் திரும்ப அழைத்து, லீவில் இருக்கிறவரைக் கேட்பார்கள். அவரவர் லாகினில் அவரவர் விவரம் இருக்கட்டும், அது முடியாவிட்டால் தனிப் பெயருக்குப் பதிலாக டீம் பெயரும் பொது போன் நம்பரும் போடுங்கள்.

உங்கள் கம்பெனி ஃபேக்ஸ் சர்வர் வைத்திருந்தால், சொந்த கவர் பேஜ் பயன்படுத்தவே கூடாது என்று அட்மின் தடுத்து வைக்கவும் முடியும். அப்படித் தடுத்திருந்தால் அவரிடம் சண்டை போடாமல் உங்கள் டிசைனைக் கொடுத்து, சர்வரிலேயே பொதுவாகப் போடச் சொல்லுங்கள். டீம் முழுக்க ஒரே தாள் போவது நல்லதுதான்.

ஆன்லைன் ஃபேக்ஸ் சேவையில் அனுப்புகிறீர்கள் என்றால் இந்த எடிட்டர் உதவாது, அதன் ஃபைலை வேறு எதுவும் திறக்காது. அங்கே வேர்டுதான். ஆனால் சாதாரண ஃபைலாக வைக்காமல் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். டெம்ப்ளேட்டை இரண்டு கிளிக்கில் திறந்தால் ஒவ்வொரு முறையும் பெயரில்லாத புதுத் தாள் வரும், பழைய பெயர் அதில் இருக்க வழியே இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பெயர், டிபார்ட்மென்ட், ஃபேக்ஸ் நம்பர் மூன்றையும் ஒரு எக்செல் பட்டியலில் வைத்து மெயில் மெர்ஜ் (பட்டியலிலிருந்து வேர்டு தானாக எடுத்து நிரப்பும் வசதி) செய்தால் பெயரும் நம்பரும் ஒரே வரியிலிருந்து ஜோடியாக வரும். உங்கள் டீமில் நடந்தது பெயரும் நம்பரும் ஜோடி பிரிந்ததால் வந்த வினைதானே.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் தேதி போடும்போது ‘தானாகப் புதுப்பி’ என்ற டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அப்பீலுக்குக் கெடு உண்டு. கெடுவுக்குள் அனுப்பினோம் என்று மூன்று மாதம் கழித்துக் காட்டுவதற்காக அந்த ஃபைலைத் திறந்தால், அது அன்றைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும். அனுப்பிய தாளை பிடிஎஃப் ஆக்கி, அனுப்பியதற்கான ரிப்போர்ட்டோடு சேர்த்து வைப்பது இன்னும் பத்திரம்.

அதே கடிதத்தில் இன்னொரு கேள்வி: கவர் பேஜில் நோயாளி பெயர், பிறந்த தேதி, கிளெய்ம் நம்பர் எல்லாம் போட்டால் அங்கே சீக்கிரம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று எங்கள் லீட் சொல்கிறார். போடலாமா?

வேண்டாம். உங்கள் லீட் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்து மெஷின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திருச்சியில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது. ஃபேக்ஸ் கட்டில் மேலே கிடக்கிற தாள் கவர் பேஜ்தான். அந்தப் பக்கம் போகிற எவர் கண்ணிலும் படும். ஒரு இலக்கம் தப்பிப் போனால் ஏதோ ஒரு டயர் கடையில் போய் விழும். நோயாளி பெயரும் பிறந்த தேதியும் அவருக்கு என்ன வியாதி என்பதும் அங்கே படிக்கப்படும். அந்த நோயாளிக்கு நம்மை யாரென்றே தெரியாது, நம் கையில் அவர் விவரம் இருப்பதும் தெரியாது. அந்த நிலையில் இருக்கிறவர் விஷயத்தில் நாம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். அமெரிக்காவில் 1996-இல் வந்த, நோயாளிகளின் மருத்துவ விவரங்களைப் பாதுகாப்பதற்கும் அடிப்படையான ஹிப்பா சட்டமும், 2003-இலிருந்து கடைப்பிடிக்க வேண்டியதாக ஆன அதன் தனியுரிமை விதியும் ஃபேக்ஸைத் தடை செய்யவில்லை. மருத்துவ விவரத்தை ஃபேக்ஸில் அனுப்பலாம், ஆனால் நியாயமான பாதுகாப்புகள் இருக்க வேண்டும். நம்பரைச் சரிபார்ப்பது, மெஷினைப் பொது இடத்தில் வைக்காமல் இருப்பது போன்றவை அதில் அடங்கும். தேவையான அளவுக்கு மேல் விவரம் போகக்கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. மருத்துவரின் சார்பில் இங்கே பில்லிங் செய்கிற கம்பெனியையும் ஒப்பந்தம் வழியாக இது கட்டுப்படுத்தும்.

அப்படியானால் கவர் பேஜில் என்ன இருக்கலாம்? யாருக்கு, எந்த டிபார்ட்மென்ட், யாரிடமிருந்து, திரும்ப அழைக்க போன் நம்பர், தேதி, மொத்தப் பக்கம். சப்ஜெக்ட் வரியில் ‘அப்பீல், விவரம் உள்ளே’ என்கிற அளவு போதும். உங்கள் ஆபீஸ் வைத்திருக்கிற உள் ரெஃபரன்ஸ் எண் ஒன்றைப் போடுங்கள், வெளியாளுக்கு அதில் ஒன்றும் புரியாது. நோயாளி விவரமெல்லாம் இரண்டாம் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். எடுத்துப் பார்க்கிறவருக்கு ஒரு தாள் புரட்டுவதில் என்ன தாமதம் வந்துவிடும்?

அடியில் ரகசியக் குறிப்பு ஒன்று போடுவது வழக்கம். பெரும்பாலான தாள்களில் அது எறும்பு எழுத்தில் பத்து வரி ஓடும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். அதைத் தவறிப் பெற்றவருக்காக எழுதுங்கள்: இது உங்களுக்கு வந்ததில்லை என்றால் தயவுசெய்து படிக்காதீர்கள், நகல் எடுக்காதீர்கள், இந்த நம்பருக்கு உடனே ஒரு போன் செய்யுங்கள். மூன்று வரி போதும், 12 பாயின்ட்டுக்குக் குறையாமல். அந்த போன் நம்பரில் அமெரிக்கப் பகல் நேரத்தில் யாராவது எடுக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏற்றுமதி ஆபீஸிலிருந்து ஜப்பானில் இருக்கிற வாடிக்கையாளருக்கு ஃபேக்ஸ் அனுப்புகிறோம். கவர் பேஜில் கம்பெனி லோகோவும், மேலே அழகான சாம்பல் நிறப் பட்டையும் வைத்தேன். அங்கே கருப்புத் திட்டாகப் போகிறதாம், அனுப்பவும் ரொம்ப நேரம் ஆகிறது. ஏன்? – வாசகர், தூத்துக்குடி

ஃபேக்ஸுக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கருப்பு, வெள்ளை இரண்டுதான். சாம்பலைக் காட்ட அது கருப்புப் புள்ளிகளைத் தூவும். நேரம் அங்கேதான் போகிறது.

கணக்கைப் பாருங்கள். ஏ4 அகலத்துக்கு ஒரு வரியில் 1728 புள்ளிகள். ஃபேக்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாது, ‘இத்தனை வெள்ளை, அப்புறம் இத்தனை கருப்பு’ என்று சுருக்கிச் சொல்லும். முழு வெள்ளை வரி ஒன்று, முடிவுக் குறியீட்டையும் சேர்த்து, அடிப்படைச் சுருக்க முறையில் 30 பிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு புள்ளி வெள்ளை, ஒரு புள்ளி கருப்பு என்று மாறி மாறி வந்தால் ஒரு ஜோடிக்கு 9 பிட். வரிக்கு 864 ஜோடி, 7776 பிட். சுருக்காமல் அனுப்பியிருந்தால்கூட 1728-தான், சுருக்கப் போய் நாலரை மடங்கு வீங்கிவிட்டது! நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் இப்படி ஒரு வரிக்கு அரை நொடிக்கு மேல். சாதாரண தரத்தில் அங்குலத்துக்கு 98 வரி. ஒரு அங்குல உயரப் பட்டைக்கே ஐம்பது நொடிக்கு மேல் போய்விடும். இது மோசமான நிலைக் கணக்கு, புதிய மெஷின்கள் இதைவிட நன்றாகச் சுருக்கும், ஆனாலும் திசை அதுதான்.

பட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கனமான கோடு போடுங்கள், அதுவே எடுப்பாக இருக்கும். லோகோவை பெயின்ட்டில் திறந்து ஒரே நிறக் கருப்பு வெள்ளையாகச் சேமித்து, பார்த்து, சிதறிய புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் பிறகு எடிட்டரில் பேஸ்ட் செய்யுங்கள். நிழல், நிறம் மங்கி மாறுகிற டிசைன் உள்ள லோகோவாக இருந்தால் வெளிக்கோடு மட்டும் உள்ள வடிவம் ஒன்றை டிசைன் செய்தவரிடமே கேட்டு வாங்குவது நல்லது. கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வைக்கிற ஆசையும் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் மையும் டோனரும் செலவாவது அவர்களுக்குத்தான்.

எங்கள் சங்கத்தின் கிளைகளுக்குத் தமிழில் கவர் பேஜ் அனுப்பினால் எழுத்து கசங்கிப் போய் விழுகிறது. புள்ளி எது, கொம்பு எது என்றே தெரிவதில்லை. – வாசகர், கிள்ளான், மலேசியா

இதற்கும் அந்த 98 வரிதான் காரணம். 10 பாயின்ட் எழுத்துக்கு, மேல் விசிறி, கீழ் வளைவு எல்லாம் சேர்த்து, பதினான்கு வரிகூடக் கிடைக்காது. அதற்குள் ‘ணி’யின் சுழியும் மேல் கொக்கியும் எப்படிப் பிரிந்து தெரியும்? மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும், அதில் ஒரு வரி தவறினாலும் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ஃபைன் தரத்தில் அனுப்புங்கள், அதில் அங்குலத்துக்கு 196 வரி, அப்படியே இரட்டிப்பு. எழுத்தை 14 பாயின்ட்டுக்கு உயர்த்துங்கள். நிர்மலா யுஐ போல ஒரே தடிமனான கோடுள்ள எழுத்துரு எடுங்கள், மெல்லிசும் தடிப்புமாக மாறுகிற அலங்கார எழுத்துரு வேண்டாம். போல்டு போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் தமிழில் சுழிகள் அடைந்துபோகும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

நம்பர்களை இன்னும் பெரிதாக வையுங்கள். வார்த்தையில் ஒரு எழுத்து கசங்கினால் ஊகித்துவிடலாம், போன் நம்பரில் 3-ஆ 8-ஆ என்று யாராலும் ஊகிக்க முடியாது.

லினக்ஸில் ஹைலாஃபேக்ஸ் என்ற ஃபேக்ஸ் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். அதன் கவர் பேஜை மாற்ற எடிட்டர் உண்டா? – வாசகர், கோவை

விண்டோஸில் இருப்பதுபோல இழுத்து வைக்கிற எடிட்டர் அதனோடு வராது. அதன் டெம்ப்ளேட் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல், அதாவது பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று கட்டளைகளாக எழுதி வைத்த டெக்ஸ்ட் ஃபைல். பெறுபவர், அனுப்புபவர், பக்க எண்ணிக்கை, குறிப்பு எல்லாவற்றுக்கும் அதில் பெயர்கள் இருக்கின்றன, அனுப்பும்போது அவை நிரம்பும். ஃபைலை நகலெடுத்து சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் இடத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். சென்ட்ஃபேக்ஸ் கட்டளையில் -C (பெரிய சி) கொடுத்து உங்கள் டெம்ப்ளேட்டைச் சுட்டலாம், -n (சின்ன என்) கொடுத்தால் கவர் பேஜே போகாது.

கவர் பேஜ் இல்லாமலே அனுப்பினால் என்ன? தாளின் தலையில்தான் மெஷின் ஏதோ ஒரு வரி அச்சடிக்கிறதே. – வாசகி, மதுரை

அந்த வரியை எடிட்டரில் மாற்ற முடியாது, மெஷினிலோ ஃபேக்ஸ் சேவையின் செட்டிங்கிலோதான் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் அனுப்பும் தேதி, நேரம், அனுப்புபவர் யார், அனுப்பும் மெஷினின் நம்பர் இவை தாளின் மேல் அல்லது கீழ் ஓரத்தில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் மெஷினில் கடிகாரம் சரியாக இருக்கிறதா, பழைய கம்பெனிப் பெயர் இன்னும் ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள், நிறைய இடங்களில் மெஷின் வாங்கிய நாளில் வைத்ததுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த வரி யாரிடமிருந்து என்று சொல்லும், யாருக்கு என்று சொல்லாது. ஐம்பது பேர் வேலை செய்கிற ஆபீஸில் ஒரே மெஷின் இருந்தால் உங்கள் தாளை எந்த மேசைக்குக் கொண்டுபோவது? ஒரே ஆள் இருக்கிற கடைக்கு ஒரு பக்க ஆர்டர் என்றால் கவர் பேஜ் தேவையில்லை. மற்றபடி அனுப்புங்கள். புது டெம்ப்ளேட் தயாரானதும் முதல் ஃபேக்ஸை வாடிக்கையாளருக்கு அனுப்பாமல் உங்களுக்குத் தெரிந்த வேறொரு மெஷினுக்கு அனுப்பி, வந்த தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். காலி இடங்கள் எல்லாம் நிரம்பினவா, பக்க எண்ணிக்கையில் கவர் பேஜும் சேர்ந்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். எண்ணிக்கை எப்படி வருகிறதோ அதற்கேற்ப ‘இந்தத் தாளையும் சேர்த்து’ என்றோ ‘இந்தத் தாள் நீங்கலாக’ என்றோ பக்கத்திலேயே தட்டி வையுங்கள். கடைசிப் பக்கம் வராமல் போனால் அதை வைத்துத்தான் அவர்கள் கண்டுபிடிக்க முடியும்.