டெஸ்பாட்ச் ரைடர்களுக்குப் பயிற்சி தந்தவர்

கேள்வி: சென்ற மாதம் காலமான எங்கள் தாத்தா, இந்திய இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் டெஸ்பாட்ச் ரைடராக, அதாவது மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பதக்கங்களோடு ஜெஃப் டியூக் என்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் பந்தய வீரரின் படமும் இருந்தது. தாத்தா போற்றிய இந்த மனிதர் யார்? (வாசகி, வேலூர்)

பதில்: தாத்தாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவர் அந்தப் படத்தைப் பதக்கங்களோடு வைத்திருந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஏனென்றால் ஜெஃப் டியூக்கும் சிக்னல்ஸ்காரர்தான்.

1923 மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் ராயல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, கேட்டரிக் முகாமில் டெஸ்பாட்ச் ரைடர்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பிரிவின் மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவிலும் இருந்தார். இராணுவத்தை விட்டு வந்த பிறகு நார்ட்டன் என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் இடம் பிடித்து, 1950இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயத்தை வென்றார். மறு ஆண்டு 350 சி.சி., 500 சி.சி. ஆகிய இரண்டு பிரிவுகளிலும் உலகச் சாம்பியன் ஆனார். 1952இல் 350 சி.சி. பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பின்னர் இத்தாலியின் கிலெரா அணிக்கு மாறி, 1953 முதல் 1955 வரை தொடர்ந்து மூன்று முறை 500 சி.சி. பட்டத்தை வென்றார். தொளதொளவென்ற தோல் ஆடை காற்றில் படபடத்து வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டு, உடலோடு ஒட்டிய ஒரே துண்டாக அதைத் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டவரும் அவரே. இன்றைய பந்தய வீரர்கள் அனைவரும் அணிவது அந்த ஆடையின் வழிவந்ததுதான்.

1955 சீனியர் டி.டி.யில் அவர் மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்துவிட்டதாக முதலில் அறிவித்தார்கள். பிறகு அதை 99.97 என்று திருத்தினார்கள். சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலைச் சுற்றில் அது மயிரிழை வித்தியாசம்.

ஆனால் நான் அவரை நினைத்துக்கொள்வது இந்த வெற்றிகளுக்காக அல்ல. அதே ஆண்டு நெதர்லாந்தின் அசென் பந்தயத்தில், சொந்தப் பணத்தில் வண்டி வாங்கி ஓட்டிய எளிய வீரர்கள், தங்களுக்குத் தரப்படும் பங்கேற்புத் தொகை போதவில்லை என்று ஒரே சுற்றோடு பந்தயத்தை விட்டு வெளியேறியபோது, நிறுவனச் சம்பளம் பெற்றுவந்த டியூக் அவர்களுக்கு ஆதரவாக நின்றார். அதற்காக அவருக்கு ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது. அதனால் 1956ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் முதல் இரண்டு பந்தயங்களிலும் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த ஆண்டு 500 சி.சி. பட்டம் ஜான் சர்ட்டீஸ் என்ற மற்றொரு வீரருக்குப் போயிற்று. டியூக் அதன் பிறகு உலகச் சாம்பியன் ஆகவே இல்லை. தனக்கு எந்தக் குறையும் இல்லாத நிலையில், பிறருடைய கூலிக்காகத் தன் பட்டத்தையே இழந்த அந்த மனிதரை, ஆறு பட்டங்களை வென்ற வீரரைவிட உயர்வாக நான் மதிக்கிறேன்.

சக வீரர்கள் பலரைச் சாலையிலேயே பறிகொடுத்த அந்தக் காலத்தில், டியூக் ஓய்வு பெற்று, ஐல் ஆஃப் மேன் தீவில் தொழில் நடத்தி, குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருடைய மகன்களில் ஒருவர் மோட்டார் பந்தய வீடியோக்களை வெளியிடும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2003இல், டியூக் உயிரோடிருக்கும்போதே, டி.டி. பாதையின் மலைப்பகுதியில் அடுத்தடுத்து வரும் மூன்று வளைவுகளுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். 2015 மே 1 அன்று, 92ஆம் வயதில், அதே தீவில் காலமானார்.

அந்தப் படத்தைப் பதக்கங்களிலிருந்து பிரித்துவிடாதீர்கள், அம்மா. தாத்தா எந்த முகாம்களில் பணியாற்றினார், எந்த வண்டியை ஓட்டினார் என்பதைப் பாட்டியிடமும் அவருடைய பழைய நண்பர்களிடமும் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, அதையும் அதே பெட்டியில் வையுங்கள்.