வலியோடு படிக்கிற பிள்ளைக்கு ஹாஸ்டல் வேண்டாம்

அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு எட்டு மாதமாக முதுகுவலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் படுத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்தால் "நடிப்பெல்லாம் போய்விடும்", நீட் கோச்சிங்கும் ஆயிற்று என்பது உங்கள் கொழுந்தனாரின் யோசனை.

சேர்க்காதீர்கள்.

ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வலி பொய் என்று அர்த்தமில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. காயம் எதுவும் தெரியாதபோதும் நரம்புகள் வலியைக் கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். தூக்கம் குறைந்தால் இன்னும் கூடும். காலை நான்கரைக்கு எழுப்பி இரவு பத்துவரை பெஞ்சில் உட்கார வைக்கிற இடத்தில் இது குறையாது. (காலையில் அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறுபடியும் போங்கள்.)

அந்தக் கட்டணம் லட்சங்களில் வரும். பாதியில் திரும்பினால் பணம் கைக்கு வருவது கஷ்டம். நகையை அடகு வைத்துக் கட்டினால், வலிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கடனும் அவளுக்கு ஞாபகம் வரும். அவளுக்குக் கணக்குப்பதிவியலும் உளவியலும்தான் பிடிக்கும் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி, என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஃபெயிலானவர்கள் போகிற இடம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மத்திய அரசின் கல்வி வாரியம் அது. அதன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. குரூப் கிடையாது. ஒரு மொழிப்பாடமாவது உட்பட ஐந்து பாடங்கள் போதும். கணக்குப்பதிவியலோடு உளவியலையும் சேர்த்து எடுக்கலாம். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். தேர்வு வாரத்தில் வலி கடுமையானால் ஆறு மாதம்தான் தள்ளிப்போகும், வருடம் போகாது. 20 சதவீத மதிப்பெண் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு.

பத்தாம் வகுப்புக்கும் இந்தச் சான்றிதழுக்கும் இரண்டு வருட இடைவெளி இருந்தாக வேண்டும். அதனால் மூன்று தேர்வுகளில் பிரித்து எழுதினாலும் தோழிகளோடுதான் முடிப்பாள்.

பெரும்பாலும் தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, "தேர்வே எழுத வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்கிற ஏஜென்ட்டுகள். அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். இரண்டு, பதிவு எண் கைக்கு வருமுன் பள்ளியில் டி.சி. வாங்குவது. மூன்றாவதுதான் பெரியது. உங்கள் மகள் தனியார் பள்ளி என்பதால் பிரச்சினையில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை இதற்கு மாற்றினால் மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் கைநழுவும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் படிப்பை வலி தொடங்கும் நேரத்தைப் பார்த்து அமையுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் வலி வருகிறதென்றால் இருபத்தைந்தில் எழுந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி உட்காரலாம். வலி இல்லாத நாளிலும் இதே அளவுதான். "இன்னிக்கு நல்லா இருக்கேன்" என்று ஆறு மணி நேரம் படித்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். நாலு நாள் சரியாகப் போனால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். புத்தகத்தைச் சாய்வுப் பலகையில் வைத்தால் கழுத்து குனியாது.

முதல் ஏப்ரலில் ஆங்கிலமும் உளவியலும் எழுதட்டும். அக்டோபரில் கணக்குப்பதிவியல் மட்டும். கட்டம் போட்டு, பேரேடு எழுதி, இருப்புச் சரிபார்க்கிற பாடம் அது, கையும் முதுகும் அதிகம் கேட்கும். அதோடு வேறெதையும் சேர்க்காதீர்கள். மிச்சம் இரண்டும் அடுத்த ஏப்ரலுக்கு.