ஏலத்தில் போன வீடு, கைக்கு வராத பணம்: வரி உண்டா?

கேள்வி: ஈரோட்டில் விசைத்தறி நடத்தினேன். 2009 ஜூனில் 18 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை அடமானம் வைத்துத் தொழில் கடன் வாங்கினேன். கட்ட முடியாமல் போனது. 2025 ஜனவரியில் வங்கி அந்த வீட்டை 62 லட்சத்துக்கு ஏலம் விட்டது. மீதி 13 லட்சத்தைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்தார்கள். இப்போது வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட என் கைக்கு வரவில்லை. வரி கட்ட வேண்டுமா? ஐ.பி. (திவால் மனு) கொடுத்தால் இதுவும் தீருமா?

பதில்: வரி உண்டு. "காசே வரல, எதுக்கு வரி" என்று நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின்படி ஏலம் விட்டாலும், விற்றவர் நீங்கள்தான். 62 லட்சத்தை நீங்களே வாங்கி, நீங்களே கடனை அடைத்ததாகத்தான் கணக்கு. கடனுக்குப் போன தொகையை விலையில் கழிக்கவும் முடியாது. தன் சொத்தைத் தானே அடமானம் வைத்தவருக்கு அந்தக் கழிவு கிடையாது என்று ஜெகதீஷ்சந்திரன் வழக்கில் 1997-லும், அடமானச் சொத்து ஏலம் போன அத்திலி நாராயண ராவ் வழக்கில் 2001-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அப்பா அடமானம் வைத்து, அந்தக் கடனோடு வீடு உங்களுக்கு வந்திருந்தால் கதை வேறு. அதை மீட்கக் கொடுத்த தொகை வீட்டின் அடக்கவிலையில் சேரும். வாரிசாக வந்த சொத்து என்றால் அடமானப் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, எவ்வளவு வரி? வெறும் 18 லட்சத்தைக் கழித்தால் லாபம் 44 லட்சம். அதில் 12.5 சதவீதம் 5.5 லட்சம். ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் பழைய முறையிலும் பார்க்கலாம். விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்ட உதவும் பணவீக்கக் குறியீடு, நீங்கள் வாங்கிய ஆண்டின் 148-லிருந்து ஏலம் நடந்த ஆண்டில் 363 ஆனதால், உங்கள் 18 லட்சம் சுமார் 44.15 லட்சமாக மதிக்கப்படும். லாபம் 17.85 லட்சம், 20 சதவீத வரி சுமார் 3.57 லட்சம். இரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும், அதன்மேல் செஸ் 4 சதவீதம். ஏலம் எடுத்தவர் 1 சதவீதம், அதாவது 62,000 ரூபாய், உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ் (விலையில் பிடித்துக் கட்டும் வரி) கட்டியிருக்க வேண்டும். உங்கள் பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்த்து, கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் குறைக்க வழி இருக்கிறது. மாடி கட்டினீர்களா? அந்தச் செலவும் குறியீட்டோடு சேரும். என்னிடம் வந்த ஒரு அம்மா, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த சிமெண்ட், கம்பி பில்களைக் கொட்டினார். பாதி எழுத்து மங்கியிருந்தது. தெரிந்த எழுத்தே அவருக்குப் பெரிய தொகையைக் காப்பாற்றியது. அப்புறம், ஏலம் நடந்த அதே நிதியாண்டில் தறியில் நஷ்டம் என்றால் அதை இந்த லாபத்தோடு ஈடுகட்டலாம். முந்தைய ஆண்டுகளின் தொழில் நஷ்டத்துக்கு இது பொருந்தாது. வேறு வருமானம் இல்லையென்றால் அடிப்படை விலக்கு வரம்பும் கைகொடுக்கும்.

தள்ளுபடியான 13 லட்சத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். நீங்கள் கட்டாத வட்டியைச் செலவாகக் காட்டியிருக்க முடியாது, அதனால் அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் வரி வராது. அசல்தான் சிக்கல். தறி வாங்கக் கடன் வாங்கியவர்களுக்கு, அப்படிப்பட்ட கடனின் அசல் தள்ளுபடி வருமானம் ஆகாது என்ற 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று துணையாக இருந்தது. வருமான வரிச் சட்டத்தில் வந்த 2023 திருத்தத்துக்குப் பிறகு தொழில் கடன் தள்ளுபடியைத் தொழில் வருமானம் என்று துறை கேட்க இடமிருக்கிறது. சொந்த வீட்டுக் கடனுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

ஐ.பி.யை இதற்காக நம்பாதீர்கள். 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தில் நீதிமன்றம் உங்களை விடுவித்தாலும், அரசுக்குச் சேரவேண்டிய கடன் அதில் தீராது. வருமான வரியும் அரசுக் கடன்தான். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் இந்தக் கணக்கோடு பதில் கொடுங்கள்.