ஒட்டப்படாமல் தப்பிய போஸ்டர்கள்: சில கேள்விகள், சில பதில்கள்

பழைய தமிழ்ப் பட போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள் சேர்க்கிறவன் என்பதால், “இது ஒரிஜினல்தானா?” என்று போட்டோ அனுப்பிக் கேட்பவர்கள் நிறைய. தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்துவிட்டேன்.

கோவை மாணவர்: அண்ணா, ‘ஒரிஜினல்’ என்று எதைச் சொல்கிறார்கள்? கடையில் விற்பதும் அச்சடித்ததுதானே?

தம்பி, படம் முதல்முறை வெளியானபோது தியேட்டர் விளம்பரத்துக்காக அச்சடித்தது ஒரிஜினல். ரசிகருக்கு விற்க என்றே அச்சடித்தது ஒரிஜினல் ஆகாது, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நடுவில் ஒரு வகை உண்டு: மறுவெளியீட்டுப் போஸ்டர். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் திரும்பத் திரும்ப ஓடிய ஊர் இது. ஒவ்வொரு தடவையும் புதிதாக அச்சடித்திருப்பார்கள். அவையும் தியேட்டருக்காக வந்தவைதான். அதனால் அவற்றை நான் போலி என்று சொல்லமாட்டேன். 1978-இல் மறுபடி வந்த படத்துக்கு 1978-இல் அடித்த போஸ்டரை, ‘மறுவெளியீடு’ என்று சொல்லி விற்றால் நேர்மையான சரக்கு. 1965 என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். போஸ்டர் அடிப்பதே மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டத்தான். ஒட்டியதை மழை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மாடு கொஞ்சம் தின்னும், மிச்சத்தின் மேல் அடுத்த வெள்ளிக்கிழமைப் படம் ஏறிவிடும். ஆக, இன்று நம் கைக்கு வருபவை எல்லாம் பெரும்பாலும் வேலைக்குப் போகாமல் மீந்தவை. விநியோகஸ்தர் ஆபீஸில், அச்சகத்தில், தியேட்டர் பின்னறையில் கட்டோடு கிடந்தவை. அதனால் யாராவது போஸ்டர் காட்டினால் ‘இது எங்கே மீந்து கிடந்தது?’ என்றுதான் நான் முதலில் கேட்பேன். பதில் தடுமாறினால் உஷாராகிவிடுவேன்.

மதுரை வாசகர்: சார், ‘எங்க வீட்டுப் பிள்ளை’ போஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1965-ஆம் வருடத்து அசல் என்கிறார். எதைப் பார்த்து நம்புவது?

எம்.ஜி.ஆர். முகத்தை விட்டுவிட்டு அடி ஓரத்துக்குப் போங்கள். அச்சிடும் எந்தத் தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் பெரும்பாலான போஸ்டர்களில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். அந்த வரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1965 கிடையாது. பின்கோடு முறை வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். அதற்கு முன்பு தி.நகர் என்றால் ‘மதராஸ்-17’, அவ்வளவுதான். ஆங்கில முகவரியில் மெட்ராஸ் போய்ச் சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிறகு அடித்தது. ஆனால் தமிழில் ‘சென்னை’ என்று அதற்கு முன்பும் எழுதினார்கள். அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

அடுத்து, தலைப்பு எழுத்து. உங்கள் படத்தின் பெயரிலேயே ‘ளை’ இருக்கிறது. நல்லதாகப் போயிற்று. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை, அப்புறம் ணா, றா, னா வரிசையில் உள்ளவை என்று 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன்பு ‘ளை’க்குத் தனிக் கொம்பு கிடையாது. எழுத்தின் முன்பக்கத்திலேயே தும்பிக்கை போலச் சுழித்திருப்பார்கள். 1965 போஸ்டரில் அந்தத் தும்பிக்கை இருக்க வேண்டும். ‘திருவிளையாடல்’ போஸ்டருக்கும் இதே சோதனை செல்லும். ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றால் ‘னா’ பழைய வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். 1965 என்று சொல்லும் போஸ்டரில் புது எழுத்து இருந்தால் சந்தேகப்படலாம். 1982 போஸ்டரில் பழைய எழுத்து இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அரசாணை வந்த மறுநாளே ஆர்ட்டிஸ்டின் கை மாறிவிடுமா என்ன? அதேபோல், பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து அடித்த ரீப்ரிண்ட்டிலும் தும்பிக்கை அப்படியே வந்துவிடும். ஆக, எழுத்து பொருந்தினாலும் தாளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூலையில் டிடிஎஸ், கியூப் என்று பிற்காலத்து டிஜிட்டல் ஒலி, திரையிடல் முறைகளின் பெயர் ஏதாவது கண்ணில் பட்டால் பேச்சே வேண்டாம். 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலில் மறுபடி வெளியானது இல்லையா, அந்தக் காலத்துப் போஸ்டரையே சிலர் ‘பழைய கர்ணன்’ என்று விற்கிறார்கள்.

திருச்சி வாசகர்: தாளைப் பார் என்கிறீர்கள். தாளில் என்ன பார்ப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவாரே, அது போதும். கன்னம், புடவை மாதிரி ஒரு நிறம் மெல்ல இன்னொரு நிறமாக மாறும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பழைய லித்தோ, அதாவது கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்து அச்சடித்தது என்றால் புள்ளி வரிசை இருக்காது, கிரேயானால் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத சொரசொரப்பு தெரியும். படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சடிக்கும் ஆஃப்செட் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நின்று குட்டிக் குட்டிப் பூக்களாகச் சேரும். இங்க்ஜெட், அதாவது கம்ப்யூட்டர் பிரிண்டர் என்றால் நுண்ணிய புள்ளிகள் தாறுமாறாகத் தெளித்திருக்கும். பழைய படம், ஆனால் இங்க்ஜெட் தெளிப்பு என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

கெட்டிக்காரர்களும் பிடிபடும் இடம் ஒன்று உண்டு. லித்தோவை ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் அடித்தால், லித்தோவின் சொரசொரப்பே புள்ளிகளாக உடைந்து தெரியும். ஆஃப்செட் போஸ்டரைத் திரும்ப ஆஃப்செட்டில் அடித்தால், புள்ளிக்கு மேல் புள்ளி விழுந்து அலை அலையாக ஒரு கோலம் வரும். பொடி எழுத்தும் காட்டிக்கொடுக்கும். அசலில் அச்சக வரி திடமான ஒரே மையில் இருக்கும், நகலில் அந்த எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும்.

அப்புறம் மடிப்பு. பழைய போஸ்டர்கள் மடித்தே அனுப்பப்பட்டவை. மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைத் தாள் தெரியும், சில சமயம் பொத்தல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணுக்கு மடிப்பு தெரிந்து விரலுக்குத் தெரியவில்லை என்றால், அச்சடித்த மடிப்பு. ஸ்கேனில் சேர்ந்து வந்தது. பின்பக்கம் திருப்பினாலும் போதும், மடிப்புக்கோடு முதுகில் இருக்காது.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: தம்பி, எங்கள் மாமனார் டூரிங் டாக்கீஸ் நடத்தினார். பரணில் சணல் கட்டிய போஸ்டர் கட்டு ஒன்று கிடைத்தது. என் பையன் அயர்ன் பண்ணிச் சுருக்கம் எடுக்கிறேன் என்கிறான். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம், அம்மா. இஸ்திரிப்பெட்டியைத் தம்பி கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். செல்லோடேப்பும் பக்கத்தில் வரக்கூடாது. அதன் பசை சில வருடங்களில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் எடுக்கவே முடியாது.

சணலை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். ஈரவாடை இருந்தால் ஃபேன் காற்றில், நிழலில், கட்டாகவே ஓரிரு நாள் விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரே நாளில் நிறம் போகும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே பிரியுங்கள். முறுமுறுவென்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள், அந்தத் தாள் உடையும். பிரிந்தவற்றின் நடுவே வெள்ளைத் தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் புளிப்பு போஸ்டருக்கும் தொற்றும். ராமபாணப் பூச்சி ஓடுகிறதா, கரையான் மண் இருக்கிறதா என்று மூலைகளைப் பாருங்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து தள்ளி வையுங்கள், தாளில் படக்கூடாது.

முக்கியமான விஷயம், சில போஸ்டரில் அடியில் வேறு நிறத் தாளில் சிலிப் ஒட்டியிருக்கலாம். டாக்கீஸ் பெயர், ‘இன்று முதல்’, ‘தினசரி 2 காட்சிகள்’ என்று கட்டை எழுத்தில் இருக்கும். அதை உரித்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். உரிக்காதீர்கள். அந்தப் படம் உங்கள் கொட்டகையில் ஓடியதற்குச் சாட்சி அந்தச் சிலிப்தான். எந்த வருடம் வரை கொட்டகை நடந்தது, கட்டு எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விற்கிற எண்ணம் இல்லை, பாதுகாக்கவும் இடம் இல்லை என்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்ததில் இருந்து வளர்ந்த இடம் அது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் மதித்து வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: அமெரிக்க ஸ்டார் வார்ஸ் 1977 போஸ்டர் ஆன்லைனில் பார்த்தேன். அளவு 24-க்கு 36 அங்குலம். வாங்கலாமா?

அளவிலேயே பதில் இருக்கிறது, சார். 24-க்கு 36 என்பது கடையில் விற்கும் சுவர்ப் படத்தின் அளவு. அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர் போஸ்டர், அதாவது ஒன் ஷீட், 27-க்கு 41 அங்குலம். 1980-களின் நடுப்பகுதி வரை மடித்தே அனுப்பினார்கள். பிறகு சுருட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள், அளவும் 27-க்கு 40 ஆனது. அதற்கும் பிறகு, பின்னால் விளக்கு வைத்துக் காட்டுவதற்காக முதுகிலும் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்தார்கள். அப்படி வந்த படத்துக்கு ஒருபக்கம் மட்டும் அச்சடித்த போஸ்டரைக் காட்டினால் காரணம் கேளுங்கள்.

அங்கே 1940 முதல் பல பத்தாண்டுகள் போஸ்டர் விநியோகத்தை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் பார்த்தது. அவர்கள் போட்ட எண் கீழே வலது பக்கம் இருக்கும். ஸ்டார் வார்ஸுக்கு 77/21. முன்னால் ‘ஆர்’ எழுத்து இருந்தால் மறுவெளியீடு. எண் இருக்கிறதே என்று உடனே குதிக்கவும் வேண்டாம், ஸ்கேன் செய்கிறவன் எண்ணையும் சேர்த்துத்தான் ஸ்கேன் செய்கிறான்.

நம் ஊர் போஸ்டருக்கு இவ்வளவு கறாரான அளவு கிடையாது. 20-க்கு 30, 30-க்கு 40 அங்குலம் இரண்டும் அதிகம் கிடைக்கும். அச்சகத்தில் டபுள் கிரவுன், குவாட் கிரவுன் என்பார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன தாள் அளவு. லண்டன் தியேட்டர் போஸ்டரும் அதே 30-க்கு 40தான், அங்கே படுக்கைவாட்டில் அடித்தார்கள்.

சேலம் வாசகர்: சார், இதில் பணம் போட்டால் பத்து வருடத்தில் பெருகுமா?

பெருகும் என்று என் வாயால் சொல்லமாட்டேன். 1931-இல் வந்த டிராகுலாவின் போஸ்டர் ஒன்று 2017-இல் அமெரிக்க ஏலத்தில் 5,25,800 டாலருக்குப் போனது உண்மை. அப்படிப் போகக் காரணம், உலகத்தில் அந்தப் போஸ்டர் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கிறது, ஏலத்தில் மோதிக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் போஸ்டருக்கு அப்படிப்பட்ட பொதுச் சந்தை இல்லை. விற்கும்போது உங்களைப் போல இன்னொரு பித்துக்குளி கிடைத்தால்தான் விலை. எம்.ஜி.ஆர். படத்துக்கு ஆள் நிற்கும் நாள் உண்டு, நிற்காத மாதமும் உண்டு.

சென்னை வாசகி: அண்ணா, எங்கே போய்த் தேடுவது?

பழைய மூர் மார்க்கெட் இருந்தால் அங்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன், அது 1985-இல் எரிந்துவிட்டது. அண்ணா சாலை ஓரம் மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் விநியோகஸ்தர்கள் தெரு. அங்கே ஆபீஸ் காலி செய்யும்போது வெளியே வந்த கட்டுகள்தான் பல பேரின் சேகரிப்பில் இருக்கின்றன. இந்திப் போஸ்டர் என்றால் மும்பை சோர் பஜாரில் மட்டன் தெரு. அங்கே அசலும் நகலும் ஒரே அடுக்கில் இருக்கும், லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். ஊர்ப்பக்கம் தியேட்டர் இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் உடனே கிளம்புங்கள். பழைய பேப்பர்காரர் உங்களுக்கு முன்னால் வந்திருப்பார்.

ஆன்லைன் என்றால் நான்கு போட்டோ கேளுங்கள்: முழுப் போஸ்டர் பக்கத்தில் ஸ்கேலோடு, முதுகு, அச்சக வரி, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த மடிப்பு. அசல் வைத்திருப்பவர் சந்தோஷமாக அனுப்புவார். ‘உண்மைச் சான்றிதழ் தருகிறேன்’ என்பவரிடம், சான்றிதழ் வேண்டாம், முதுகு போட்டோ போதும் என்று சொல்லுங்கள்.

அதே வாசகி: வாங்கியதை லேமினேட் செய்து மாட்டலாமா?

லேமினேட் செய்த நிமிடமே அது சேகரிப்புப் பொருள் இல்லை. ஃப்ரேம் போடுங்கள். ஆனால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, சென்னைப் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே அமிலமில்லாத அட்டையில் சட்டம் வெட்டி இடைவெளி விடச் சொல்லுங்கள். புற ஊதாக் கதிர் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. நேர் வெயில் படும் சுவர் கூடாது. கிழிசல் அதிகம் என்றால், மெல்லிய தாளும் பருத்தித் துணியும் பின்னால் கொடுத்து, திரும்பப் பிரிக்கக்கூடிய பசையால் ஒட்டித்தரும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். பசை என்ன என்று கேட்டு, ஃபெவிகால் என்றால் போஸ்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஈரோடு வாசகர்: ‘உலகம் சுற்றும் வாலிபன்’ சென்னைச் சுவரில் ஒட்டிய போஸ்டர் என்று ஒருவர் ஒன்று வைத்திருக்கிறார்...

அவரை நன்றாக விசாரியுங்கள். 1973-இல் அந்தப் படம் வந்த சமயத்தில் சென்னையில் போஸ்டருக்கு வரியைக் கடுமையாக ஏற்றிவிட்டார்கள். நகரத்தில் போஸ்டர் ஒட்டாமல் ஸ்டிக்கர் அடித்து விளம்பரம் செய்தார்கள் என்பது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. வெளியூருக்கு அடித்தது என்றாலாவது மேற்கொண்டு பேசலாம். அந்த ஸ்டிக்கர் ஒட்டாமல் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து எனக்கு முதலில் சொல்லுங்கள்.